இரண்டு ராஜினாமாக் கடிதங்கள்

மண்டல் என்றதும் நம் தோழர்களுக்கு 1990 ஆகஸ்ட்தான் ஞாபகத்துக்கு வரும். வி.பி. சிங், 27 சதவீதம், அதை எதிர்த்து டெல்லித் தெருக்களில் சாதி இந்து மாணவர்கள் ஆடிய ஆட்டம். அந்த மண்டல் பீகார்க்காரர், பி.பி. மண்டல். நான் பேச வந்திருப்பது இன்னொரு மண்டலைப் பற்றி. ஜோகேந்திரநாத் மண்டல். கிழக்கு வங்காளத்தின் பாரிசால் பகுதியில், நாமசூத்திரர் குடும்பத்தில், 1904இல் பிறந்தவர். பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சர்.

ஆமாம், பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சர் ஒரு தலித். இந்தியாவின் முதல் சட்ட அமைச்சரும் ஒரு தலித். 1947 ஆகஸ்டில் ஒரு நாள் இடைவெளியில் பிறந்த இரண்டு நாடுகளும் சட்டத்துறையைத் தீண்டப்படாதவர் கையில் கொடுத்தன. 1950 அக்டோபர் 8ஆம் தேதி மண்டல் ராஜினாமா செய்தார். 1951 செப்டம்பர் 27ஆம் தேதி பாபாசாகேப் ராஜினாமா செய்தார். இரண்டுக்கும் நடுவில் முழுசாக ஒரு வருஷம்கூட இல்லை.

இது தற்செயல் இல்லை என்பது என் கட்சி.

நம் பாடப்புத்தகங்களில் ஒரு நாடு எப்படிப் பிறக்கிறது? நள்ளிரவு, கொடி, தலைவரின் உரை, மத்தாப்பு. பிள்ளை பிறந்த வீட்டில் முதலில் இனிப்பு கொடுப்பவரைத்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தொப்புள்கொடி அறுத்த மருத்துவச்சியைக் கொல்லைப்புறமாக அனுப்பிவிட்டிருப்பார்கள். பேர் வைக்கும் நாளில் அவளுக்குத் தாம்பூலம் கிடையாது. பிறந்த இரண்டு நாடுகளிலும் மருத்துவச்சி வேலை பார்த்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

இரண்டு பேரும் ஒரே இயக்கத்துக்காரர்கள் என்பதை முதலில் மனசில் வைக்க வேண்டும். 1942இல் நாகபுரியில் அனைத்திந்திய ஷெட்யூல்டு வகுப்பினர் கூட்டமைப்பு தொடங்கப்பட்டபோது அதன் தலைவரானவர் நம் சென்னை என். சிவராஜ். அடுத்த வருஷம் அதன் வங்காளக் கிளையைக் கட்டியவர் மண்டல். 1937 தேர்தலிலேயே தனித்தொகுதியில் நிற்காமல் பொதுத்தொகுதியில் சுயேச்சையாக நின்று, காங்கிரஸ் நிறுத்திய சாதி இந்து வேட்பாளரைத் தோற்கடித்து வங்காளச் சட்டமன்றத்துக்குள் போனவர் அவர்.

1946. அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல். பம்பாய் மாகாணத்திலிருந்து அம்பேத்கர் உள்ளே போக வழியில்லை. சட்டமன்ற உறுப்பினர்கள்தான் ஓட்டுப் போட வேண்டும். அங்கே காங்கிரஸ் பெரும்பான்மை. எந்தக் கதவும் திறக்காத அந்த நேரத்தில் வங்காளத்திலிருந்து அவரை நிறுத்தி, ஓட்டுச் சேர்த்து ஜெயிக்க வைத்தவர்கள் மண்டலும் அவருடைய சகாக்களும்தான். பிறகு வங்காளம் துண்டானதும் அந்த இடம் போனது. பம்பாயிலிருந்து காங்கிரஸ் ஆதரவோடு அம்பேத்கர் மறுபடி தேர்வானார் என்பது வேறு கதை. ஆனால் முதல் தடவை கதவைத் திறந்தது யார்? அரசியல் சட்டத்தைக் கொண்டாடும் விழாக்களில் இந்தப் பெயரை நீங்கள் எத்தனை தடவை கேட்டிருக்கிறீர்கள்?

அதே 1946 அக்டோபரில் டெல்லி இடைக்கால அரசில் முஸ்லிம் லீக் சேர்ந்தது. தன் பங்குக்குக் கிடைத்த ஐந்து இடங்களில் ஒன்றை ஜின்னா மண்டலுக்குக் கொடுத்தார். காங்கிரஸ் தன் பங்கில் ஒரு முஸ்லிமை வைக்குமானால் நான் என் பங்கில் ஒரு தீண்டப்படாதவரை வைப்பேன் என்ற கணக்கு. அன்பெல்லாம் இல்லை, சதுரங்கம். அவருக்குக் கிடைத்த துறை சட்டம். 1947 ஆகஸ்டில் அதே டெல்லியில் அதே துறைக்கு அம்பேத்கர் வந்தார். மண்டல் கராச்சிக்குப் போயிருந்தார்.

மண்டல் ஏன் லீக் பக்கம் போனார்? மதம் பிடித்தா போனார்? ராஜினாமாக் கடிதத்தில் அவரே தன் காரணத்தைச் சொல்கிறார். வங்காளத்தில் முஸ்லிம்களில் பெரும்பாலோர் உழுகிறவர்கள், கூலிகள். ஷெட்யூல்டு சாதியாரும் அப்படியே. அங்கேயும் மீன் பிடிக்கிறவர்கள், இங்கேயும் மீன் பிடிக்கிறவர்கள். படிப்பில் இரண்டு பேரும் பின்தங்கியவர்கள். நிலம் யார் கையில்? பெரும்பாலும் உயர்சாதி ஜமீன்தார் கையில். ஒரே வரப்பில் நிற்கிற இரண்டு கூட்டம் ஒன்றாக நிற்கலாமே என்று நினைத்தார். வயலைப் பார்த்துப் போட்ட கணக்கு அது. 1946 ஆகஸ்ட் கல்கத்தா படுகொலைகளுக்குப் பிறகும், அக்டோபரில் நவகாளி எரிந்தபோதும், லீக்கை விட்டு விலகு என்ற கூச்சலுக்கு நடுவில் அவர் விலகவில்லை. 1947 ஜூலையில் சில்ஹெட் வாக்கெடுப்பின்போது பாகிஸ்தானுக்காகப் பிரசாரமும் செய்தார். அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

1947 ஆகஸ்ட் 10. கராச்சி. பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையின் முதல் கூட்டம். தற்காலிகத் தலைவராக உட்கார்ந்தவர் மண்டல். மறுநாள் அங்கே ஜின்னா பேசினார்: அவரவர் கோயிலுக்கு, மசூதிக்குப் போக அவரவருக்கு உரிமை உண்டு, எந்த மதம், எந்தச் சாதி என்பது அரசின் வேலை இல்லை என்ற பொருளில். ஒரு தலித் தலைமை தாங்கித் தொடங்கிவைத்த சபை, மத பேதம் இல்லை என்று வாக்குக் கொடுத்த தலைவர். இதைவிட நல்ல தொடக்கம் ஒரு நாட்டுக்கு இருக்க முடியுமா?

நாலு மாசத்துக்குள் என்ன நடந்தது பாருங்கள். கராச்சியிலிருந்தும் சிந்துவிலிருந்தும் இந்துக்கள் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். தடுத்து நிறுத்தப்பட்டவர்கள் யார் என்றால் தெருக்கூட்டுகிறவர்கள், கக்கூஸ் சுத்தம் செய்கிறவர்கள். அத்தியாவசியப் பணிச் சட்டம் என்று ஒன்றைக் காட்டி, நீங்கள் போகக் கூடாது என்றார்கள். அப்போது கராச்சியில் இந்தியாவின் தூதராக இருந்தவர் ஸ்ரீபிரகாசா. பின்னாளில் சென்னை மாகாணத்துக்கு ஆளுநராக வந்தவர். இதைப் பற்றிப் பிரதமர் லியாகத் அலி கானிடம் கேட்டதையும், இவர்கள் போய்விட்டால் கராச்சியின் தெருவையும் கக்கூஸையும் யார் சுத்தம் செய்வது என்ற தொனியில் பதில் வந்ததையும் அவர் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். 1947 டிசம்பர் 18ஆம் தேதி அம்பேத்கர் இதுபற்றி நேருவுக்குக் கடிதம் எழுதினார். பாகிஸ்தானில் சிக்கிக்கொண்ட நம் மக்கள் எப்படியாவது இந்தியா வந்துவிட வேண்டும் என்று அறிக்கையும் விட்டார். மண்டலும் அம்பேத்கரும் பிரிகிற இடம் இது.

அப்போது பாகிஸ்தானின் தொழிலாளர் துறையும் மண்டலிடம்தான் இருந்தது. இதைவிடக் கொடுமையான சித்திரத்தை ஒரு கவிஞன் கற்பனை செய்ய முடியாது. மேலே சட்டம், தொழிலாளர் என்று இரண்டு துறைக்கு ஒரு தலித் அமைச்சர். கீழே சட்டத்தைக் காட்டித் தடுத்து வைக்கப்பட்ட தலித் தொழிலாளர்கள். புது நாட்டுக்கு இரண்டு பேரும் தேவை. ஒருவர் முகப்புக்கு, மற்றவர்கள் கக்கூஸுக்கு.

உடனே 'பாத்தீங்களா, பாகிஸ்தான்னா அப்படித்தான்' என்று தொடை தட்ட வேண்டாம். கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைக்கக் கூடாது என்று இந்தியா சட்டம் போட்டது 1993இல். அது போதாமல் 2013இல் இன்னொரு சட்டம். இன்றும் பாதாளச் சாக்கடையில் விஷவாயு தாக்கிச் செத்த செய்தி வந்தால் செத்தவர் எந்தத் தெருக்காரர் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமலே தெரியும்.

1949 மார்ச் 12ஆம் தேதி பாகிஸ்தான் சபை குறிக்கோள் தீர்மானத்தை நிறைவேற்றியது. இறையாண்மை இறைவனுக்கே உரியது, இஸ்லாம் வகுத்த வழியில் அரசு நடக்கும் என்றது தீர்மானம். முஸ்லிம் அல்லாத காங்கிரஸ் உறுப்பினர்கள் கொண்டுவந்த திருத்தங்கள் தோற்றன. ஜின்னா அதற்கு முன்பே 1948 செப்டம்பரில் செத்துப் போயிருந்தார். அவர் கொடுத்த வாக்கைக் கேட்டு வாங்க ஆள் இல்லை. 1950 பிப்ரவரியில் கிழக்கு வங்காளம் எரிந்தது. டாக்கா, குல்னா, மண்டலின் சொந்த மண்ணான பாரிசால். குத்துப்பட்டு, வீடிழந்து எல்லை தாண்டியவர்களில் நாமசூத்திரர் ஏராளம். ஏப்ரலில் நேருவும் லியாகத் அலியும் ஒப்பந்தம் போட்டார்கள். ஒப்பந்தக் காகிதம் கிராமம் வரைக்கும் போய்ச் சேரவில்லை.

அக்டோபரில் மண்டல் கல்கத்தாவிலிருந்து கடிதம் எழுதினார். மிக நீளமான கடிதம். ஊர் ஊராகப் பெயர் சொல்லி, எங்கே எந்தப் போலீஸ், எந்த ராணுவம், எந்தச் சேரியில் என்ன செய்தது என்று எழுதியிருக்கிறார். கோபால்கஞ்ச் பக்கத்து திகார்குல்லில் ஒரு சின்னத் தகராறுக்காக நாமசூத்திரர் கிராமங்கள் மேல் போலீஸும் ராணுவமும் ஏவப்பட்டதைச் சொல்கிறார். முறையிட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்கிறார். சட்ட அமைச்சர் சொல்லியும் நடக்கவில்லை!

இப்போது இந்தப் பக்கம் வருவோம். இந்தியாவில் அப்படியில்லை, அம்பேத்கர் அரசியல் சட்டத்தையே எழுதினாரே என்பீர்கள். எழுதினார். 1947 ஆகஸ்ட் கடைசியில் வரைவுக்குழுத் தலைவரானார். 1948 நவம்பர் 29இல் தீண்டாமை ஒழிப்புப் பிரிவு சபையில் நிறைவேறியது. பாகிஸ்தான் தனக்கென்று ஓர் அரசியல் சட்டம் போட்டுக்கொள்ள 1956 வரை ஆனது. இரண்டே வருஷத்தில் அதையும் தூக்கிப் போட்டார்கள். அம்பேத்கர் கையில் இந்தியாவுக்கு மூன்று வருஷத்துக்குள் சட்டம் கிடைத்தது. இந்த வித்தியாசம் சின்ன வித்தியாசம் இல்லை. கராச்சியில் மண்டலுக்கு மாலை மட்டும் கிடைத்தது. டெல்லியில் அம்பேத்கருக்கு வேலையும் கிடைத்தது.

ஆனால் எந்த வேலை வரைக்கும்? நாட்டுக்குச் சட்டம் எழுது என்றார்கள், எழுதினார். வீட்டுக்குச் சட்டம் எழுதப் போனார். அங்கேதான் கதவு சாத்தப்பட்டது.

இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா என்ன சொன்னது? மகனுக்குச் சமமாக மகளுக்கும் சொத்து. ஒருவனுக்கு ஒருத்திதான் மனைவி. ஒத்துவராத கல்யாணத்தை முறித்துக்கொள்ள வழி. சாதி மாறிக் கட்டினாலும் கல்யாணம் கல்யாணம்தான். அவ்வளவுதான். இதற்குத்தான் 1949இல் டெல்லியில் ஊர்வலங்கள் நடந்தன. நேருவுக்கும் அம்பேத்கருக்கும் கொடும்பாவி கட்டி எரித்தார்கள். காவி கட்டிய கர்பாத்ரி மகராஜ், தீண்டப்படாதவனுக்கு சாஸ்திரத்தில் என்ன வேலை என்ற தோரணையில் பேசினார். குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத், மசோதா வந்தால் ஒப்புதல் கொடுக்கிற விஷயத்தில் என் மனசாட்சிப்படிதான் நடப்பேன் என்று நேருவை மிரட்டினார். சியாமா பிரசாத் முகர்ஜி நாடாளுமன்றத்தில் எதிர்த்துப் பேசினார். நாலு வருஷம் இழுத்தார்கள். 1951 செப்டம்பரில் விவாதம் மறுபடி தொடங்கியது. நாலே நாலு பிரிவு நிறைவேறியதும் மசோதாவைக் கைவிட்டார்கள்.

அம்பேத்கர் வெளியே வந்தார். ஏன் என்று அவையில் சொல்ல அக்டோபரில் எழுந்தார். பேச்சின் நகலை முன்கூட்டியே கொடு என்றது துணை சபாநாயகரின் நாற்காலி. நாட்டுக்கே சட்டம் எழுதியவரின் பேச்சுக்கு முன்தணிக்கை! கொடுக்க மாட்டேன் என்று வெளிநடப்புச் செய்தார். அறிக்கையைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார்.

அந்த அறிக்கையை ஒரு தடவையாவது முழுசாகப் படியுங்கள். சட்ட அமைச்சகம் வயதான வக்கீல்கள் விளையாட ஒரு காலி சோப்புப்பெட்டி என்கிறார். திட்டத்துறை தருவதாகச் சொல்லித் தராமல் ஏமாற்றியதைச் சொல்கிறார். பிற்பட்டோருக்கான கமிஷன் இன்னும் போடப்படவில்லை என்கிறார். டெல்லியைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து நம் மக்கள் தன் வீட்டு வாசலுக்கு வந்து, சாதி இந்துக்கள் அடித்ததையும் போலீஸ் புகாரைப் பதிவு செய்ய மறுத்ததையும் சொல்லி அழுததை எழுதுகிறார். அரசியல் சட்டம் அமலுக்கு வந்து இருபது மாசம் ஆகியிருந்தது. எழுதியவர் வீட்டு வாசலில்தான் அந்த அழுகை.

இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் போலீஸ் வருகிறது. இரண்டிலும் காப்பாற்றாத வாக்கு வருகிறது. இரண்டிலும், உள்ளே உட்கார வைத்துக்கொண்டே வெளியே நிற்க வைத்த வலி வருகிறது. ஒன்று கராச்சிக்கு எழுதியது, ஒன்று டெல்லிக்கு எழுதியது. முகவரிதான் வேறு.

'அதெப்படி ரெண்டும் ஒண்ணாகும்? அங்க உயிருக்குப் பயந்து ஓடி வந்தார், இங்க கௌரவமா ராஜினாமா செஞ்சார்' என்று என் நண்பர் ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. ஒன்று என்று நானும் சொல்லவில்லை. டெல்லியை விட்டு அம்பேத்கர் அகதியாகப் போகவில்லை; மாநிலங்களவையில் உட்கார்ந்தார், எழுதினார், 1956இல் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினார். மண்டலுக்கு எதுவும் மிஞ்சவில்லை. வித்தியாசம் இருக்கிறது. அந்த வித்தியாசத்தை நம் எதிரிகள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் என் கவலை.

2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது மண்டலுக்குத் திடீரென்று மவுசு கூடியது. ஐம்பது வருஷம் அவர் பெயரை உச்சரிக்காதவர்கள் அவருடைய ராஜினாமாக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலித்தும் முஸ்லிமும் சேர்ந்தால் இதுதான் கதி என்று நமக்குப் பாடம் நடத்தினார்கள். கடிதத்தின் பின்பாதியை வாசித்தவர்கள், முன்பாதியில் வருகிற வயலையும் வரப்பையும் வாசிக்கவில்லை. எவன் நிலத்தில் கூலியாக இருந்ததால் மண்டல் அந்தப் பக்கம் போனார் என்று சொல்லவில்லை. அடுத்த வருஷம் டெல்லியில் எழுதப்பட்ட இன்னொரு கடிதத்தைத் தொடவே இல்லை. எப்படித் தொடுவார்கள்? அந்த மசோதாவை எதிர்த்துப் பேசிய சியாமா பிரசாத் முகர்ஜி 1951 அக்டோபரில் தொடங்கிய ஜனசங்கம்தானே அவர்களுடைய மூதாதை! ஒரு தலித் சட்ட அமைச்சரின் கண்ணீரைக் காட்டி ஓட்டுக் கேட்கிறவர்கள், இன்னொரு தலித் சட்ட அமைச்சரின் கொடும்பாவியை எரித்தவர்களின் வாரிசுகள்.

அம்பேத்கர் அறிக்கையில் நமக்குச் சங்கடமான வரிகளும் உண்டு. முஸ்லிம்கள் பாதுகாப்புக்கு அரசு காட்டுகிற அக்கறையைத் தலித்துகளுக்கு ஏன் காட்டவில்லை என்று கேட்கிறார். மண்டல் கடிதத்திலும் சங்கடம் உண்டு. வெட்டி ஒட்டி வாசித்தால் யாரும் யாருக்கும் எதிராகப் பயன்படுத்தலாம். அதனால்தான் முழுசாக, சேர்த்து வாசிக்க வேண்டும் என்கிறேன்.

சரி, சேர்த்து வாசித்தால் என்ன கிடைக்கிறது? நாற்காலியே கூடாது என்ற முடிவா? இல்லை. நாற்காலிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்ற கேள்விதான் கிடைக்கிறது.

அதே 1951ஐப் பாருங்கள். நம் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை, செண்பகம் துரைராஜன் வழக்கில் ஏப்ரல் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. இங்கே உயர் நீதிமன்றம் அதை அடித்த 1950லிருந்தே பெரியார் இயக்கம் தெருவில் இறங்கியிருந்தது. கூட்டம், ஊர்வலம், மாணவர் மறியல். ஜூன் 18இல் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்துவிட்டது. இரண்டு மாசம் பத்து நாள்! கருத்துரிமையில் கைவைத்த மோசமான பிரிவுகளும் அதே திருத்தத்தில் இருந்தன, அதையும் மறக்கக் கூடாது. ஆனால் இடஒதுக்கீட்டுக்கு வழிவிட்ட 15(4) அதில்தான் பிறந்தது. அவையில் அதை ஆதரித்து வாதாடியவர் அதே சட்ட அமைச்சர் அம்பேத்கர். ஜூனில் ஜெயித்தவர் செப்டம்பரில் ஏன் தோற்றார்? வாதத் திறமை மூன்று மாசத்தில் குறைந்துபோனதா? ஜூன் மாசத்துக்குப் பின்னால் ஒரு தெரு இருந்தது. செப்டம்பரில் பெண்கள் அமைப்புகள் சில குரல் கொடுத்தன. எதிர்த் தெருவில்தான் கூட்டம் இருந்தது.

2018இல் இதையே மறுபடி பார்த்தோம். மார்ச் 20இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது உச்ச நீதிமன்றம். ஏப்ரல் 2இல் எந்தப் பெரிய கட்சியின் அழைப்பும் இல்லாமல் வட இந்தியாவே நின்றது. தோழர்கள் சிலர் உயிரைக் கொடுத்தார்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அன்றைக்கும் அந்த அவையில் தனித்தொகுதி உறுப்பினர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களைப் பேச வைத்தது ஏப்ரல் 2.

இங்கே நம் இயக்க மேடைகளை நோக்கி ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. பெண்களுக்காக மந்திரி பதவியை உதறிய மாமனிதர் என்று டிசம்பர் 6இலும் ஏப்ரல் 14இலும் தொண்டை கிழியப் பேசுகிறோம். அந்த மசோதா நம்முடையது என்று உண்மையில் நினைக்கிறோமா? 'சொத்தே இல்லாத சேரிக்குச் சொத்துரிமைச் சட்டம் எதுக்கு?' என்று ஒரு தோழரே கேட்டார்.

நான் வங்கியில் எழுத்தர். செத்தவர்கள் கணக்கைத் தீர்க்கிற மேஜை சில வருஷம் என்னிடம் இருந்தது. நாமினி போடாமல் ஒருவர் செத்துவிட்டால் வாரிசுகள் எல்லாரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். மகள்கள் வருவார்கள். 'எனக்கு வேணாம் சார், தம்பியே எடுத்துக்கட்டும்.' அந்த வேணாமைச் சொல்வதற்கு முன்னால் தம்பி முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள். தொகை பதினெட்டாயிரமாக இருக்கும், நாற்பதாயிரமாக இருக்கும். கல்லு உடைத்துச் சேர்த்த காசாக இருக்கும். ஊர்ப் பெண்ணும் இப்படித்தான் பார்ப்பாள், சேரிப் பெண்ணும் இப்படித்தான் பார்ப்பாள். நிலம், வீடு என்றால் பத்திர ஆபீஸுக்குக் கூட்டிப் போவார்கள். பங்கு வேண்டாம் என்று அக்கா, தங்கச்சி எழுதிக்கொடுக்கிற காகிதத்துக்குப் பேர் தெரியுமா? விடுதலைப் பத்திரம். நாம் எந்தச் சொல்லை நெஞ்சில் குத்திக்கொண்டு அலைகிறோமோ, அதே சொல்.

1951இல் சாகடித்த மசோதாவைத் துண்டு துண்டாக வெட்டி 1955லும் 1956லும் நாலு சட்டமாகக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தபோது முக்கியமான எலும்பை உருவிவிட்டார்கள். மகன்களுக்குப் பிறப்பிலேயே பங்கு தருகிற கூட்டுக்குடும்பச் சொத்து முறையை அப்படியே விட்டார்கள். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சமச்சொத்து என்று தீர்மானம் போட்ட நாடு நம்முடையது. தமிழ்நாட்டில் அந்த எலும்பைத் திரும்ப வைக்க 1989 ஆனது. இந்தியா முழுக்க 2005. அம்பேத்கர் கடிதம் கொடுத்து 54 வருஷம். சட்டம் வந்துவிட்டது, மேஜை முன்னால் நிற்கிற அந்தப் பெண் இன்னும் தம்பி முகத்தைத்தான் பார்க்கிறாள். அவளுக்குப் பின்னால் யார் நிற்பது? நம் சங்கம் நிற்குமா? நம் சங்கத் தோழரே அந்தத் தம்பியாக இருந்தால்?

மண்டலின் மிச்சக் கதையையும் சொல்லிவிட வேண்டும். கல்கத்தாவுக்குத் திரும்பி வந்தவரை உயர்சாதி வங்காளம் 'ஜோகேன் அலி முல்லா' என்று கேலி பேசியது. காங்கிரஸ் சேர்க்கவில்லை. தேர்தல்களில் நின்றார், ஜெயிக்கவில்லை. எல்லை தாண்டி வந்த நாமசூத்திர அகதிகளை வங்காளத்துக்கு வெளியே தண்டகாரண்யக் காட்டுக்கு அனுப்பாதே என்று அவர்களோடு நின்று போராடினார். 1968 அக்டோபர் 5இல் பொங்காவில், எல்லையோர ஊரில் செத்தார். பத்து வருஷம் கழித்து, அந்தக் காட்டில் வாழ முடியாமல் திரும்பி வந்த அகதிகள் சுந்தரவனத்தில் மரிச்சஜாப்பி தீவில் குடியேறினார்கள். தாங்களே பள்ளிக்கூடம் கட்டினார்கள், சாலை போட்டார்கள். 1979 ஜனவரியில் இடதுசாரி அரசு தீவை முற்றுகையிட்டுச் சோற்றையும் தண்ணீரையும் தடுத்தது. சுட்டது. மே மாசம் குடிசைகளைக் கொளுத்தி விரட்டியது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் அரசு சொன்ன எண் வேறு, தப்பித்தவர்கள் சொன்ன எண் வேறு. பச்சை, மூவர்ணம், சிவப்பு என்று மூன்று கொடியையும் நம்பிப் பார்த்த ஜனம் அது.

கவிஞன் என்றால் வருத்தப்பட்டு முடிக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் இஷ்டமில்லை. மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த டிசம்பர் 6 கூட்டத்தில் மாலை போட்டு முடித்த பிறகு, தலைவர்கள் பேசத் தொடங்குவதற்கு முன்னால், இந்த இரண்டு கடிதங்களையும் வாசியுங்கள். வெட்டாமல், விட்டுவிடாமல். மண்டல் கடிதத்தை ஒருவர் வாசிக்கட்டும். அம்பேத்கர் அறிக்கையை ஒரு பெண் தோழர் வாசிக்கட்டும். நேரம் ஆகும், இரண்டும் நீளம். அன்றைக்குத் தலைவர்களின் பேச்சு கொஞ்சம் குறைந்தால் குடிமுழுகிப் போகாது.